கட்டு இருக்கு, ஆள் இல்ல

சேலையூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்துக்குப் போன மாதம் பெயின்ட் அடித்தார்கள். நான்கு மாடி. கயிற்றில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு இரண்டு பேர் வேலை செய்தார்கள். நான் காலையில் காபி குடித்த கையோடு மொட்டை மாடிக்குப் போய், கயிறு கட்டியிருந்த தூணுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மூன்று நாளும் அப்படித்தான். அவர்கள் சாப்பிட இறங்கிய பிறகுதான் நானும் சாப்பிடப் போனேன்.

இரண்டாம் நாள் பெயின்டர் மேலே ஏறி வந்தார். "இன்னா சார், நம்ம மேல டவுட்டா? பெயின்ட்ல தண்ணி ஊத்தி அடிக்கிறோம்னு வாட்ச் பண்ணிகினு கீறீங்களா?"

"சேச்சே. சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"கயிறு தூண்ல கட்டிக்கீது சார். யானைய கட்டி இழுத்தாலும் வராது. நீங்க போய் ரெஸ்ட் எடுங்க."

நான் போகவில்லை. என் மனைவி கீழ்வீட்டு அக்காவிடம், "ரிட்டயர் ஆனதுல இருந்து இவருக்கு இப்படி ஒண்ணு பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தது மாடிவரை கேட்டது. ரிட்டயர் ஆனதில் பிடித்ததல்ல இது. ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோகவில்லை, வருகைப் பதிவேட்டில் தினமும் நான் டிக் அடித்த பெயர்தான். ஆனால் மலையில், பாறை விளிம்பில் நிற்கும்போது ஒருவர் பெயரை இன்னொருவர் கூப்பிடக் கூடாது என்பது அவர்கள் ஊர் வழக்கம். கூப்பிட்டால் பாறை அந்தப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுமாம். அவரே சொன்னது. எதற்கு வம்பு, பெயர் வேண்டாம்.

சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனி வளாகத்தில் நான் ஃபெசிலிட்டி சூப்பர்வைசராக இருந்தேன். பெயர்தான் பந்தா. குழாய் ஒழுகினால் நான், ஏசி நின்றால் நான், லிஃப்டில் எவராவது மாட்டிக்கொண்டால் நான், கேன்டீன் தயிர் புளித்தால் அதற்கும் நான். திட்டு வாங்குவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவர் அங்கே தோட்ட வேலைக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான, முறுக்கேறிய உடம்பு. பாதம் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் அகலம். விரல்கள் ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டதுபோல் விலகி நிற்கும். கம்பெனி ஷூவில் எந்த சைஸும் நுழையவில்லை. "செருப்பு போதும் சார்" என்றார். சேஃப்டி ஆபீசர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஷூவின் முன்பக்கத்தைக் கத்தியால் அறுத்து, விரல்களை வெளியே விட்டுப் போட்டுக்கொண்டார். அதற்கும் நான்தான் திட்டு வாங்கினேன்.

"எந்த ஊருங்க?" என்று முதல் நாள் கேட்டேன்.

மேற்கே கையைக் காட்டினார். "அங்க சார்."

"அங்கன்னா?"

"மலைக்கு மேல."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. ஆனால் ஆள் யார் என்று ஒரு வாரத்தில் எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. புல்வெளி நடுவே கிடந்த பாறாங்கல்லை எடுக்க ஜேசிபி கூப்பிடலாமா என்று நாங்கள் நான்கு பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கடப்பாரையை ஓர் இடத்தில் செருகி, மேலே ஏறி உட்கார்ந்தார். கல் தூக்கத்தில் புரள்கிறவர்போலப் புரண்டு படுத்தது. கற்றாழை மடலை நசுக்கி நாரெடுத்து, தொடையில் வைத்துத் திரித்து, செடிகளுக்குக் கட்டுவார். நைலான் கயிற்றைக் கையில் கொடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார். "இது ரெண்டு கோடை வெயில் தின்ன கயிறு, வேணாம்" என்பார். பில்லில் தேதியைத் தேடிப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், வெளிப்புறக் கண்ணாடி துடைக்கும் ஆட்கள் வந்தார்கள். ஒன்பது மாடிக் கட்டடம். மேலிருந்து கயிற்றில் இறங்கித் துடைப்பார்கள். அன்று பதினோரு மணிக்குக் கார் நிறுத்தும் இடம் முழுக்கத் தண்ணீர். தோட்டத்துக் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு ஆளைக் காணோம். நான் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தபோது, கண்ணாடி துடைக்கும் குழுவின் மேஸ்திரி குமார் போன் செய்தான்.

"சார், உங்க தோட்டக்காரரு மேல வந்து நம்ம கயித்த புட்ச்சிகினு நிக்கிறாரு. போவச் சொன்னா போவ மாட்டேன்றாரு. பசங்க பேஜாராவுறானுங்க சார்."

லிஃப்டில் ஏறி மாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கயிறு சுவரில் உரசும் இடத்தில் ஒரு கோணிச் சாக்கை மடித்து வைத்திருந்தார். வலது கை கயிற்றின் மேல். கண் கீழே தொங்குகிறவன் மேல்.

"என்னங்க இது? கீழ வெள்ளம் போகுது. இங்க என்ன பண்றீங்க?"

கீழே தொங்கியவன் தரையில் கால் வைத்த பிறகுதான் கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கயிறுதான் இரும்பு வளையத்துல கட்டியிருக்கே, பாக்கலையா?" என்றேன்.

"கட்டு இருக்கு சார். ஆள் இல்லையே" என்றார்.

மெமோ கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த முறை கயிறு இறங்கியபோது மறுபடியும் மாடியில். மூன்றாவது மெமோவுக்குப் பிறகு எனக்கே அலுத்துவிட்டது. கண்ணாடி துடைக்கும் நாட்களில் அவரைக் 'கயிறு கண்காணிப்பு' என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். ஆடிட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நல்ல நடைமுறை என்று என்னைப் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

கயிற்றைப் பிடித்துவிட்டால் அவர் வேறு ஆள். பேச மாட்டார். தண்ணீர் குடிக்க மாட்டார். ஒருநாள் சிவப்பெறும்பு ஒரு வரிசை அவர் காலில் ஏறி முதுகு வழியாகக் கழுத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தட்டிவிடவில்லை. நான் தட்டிவிடப் போனபோது கண்ணாலேயே வேண்டாம் என்றார். வேலை முடிந்த பிறகு பார்த்தால் கழுத்து முழுக்கத் தடிப்பு.

கயிறு என்று இல்லை, உயரத்தில் எவன் நின்றாலும் இவர் கை கீழே எங்காவது பிடித்திருக்கும். எலக்ட்ரீஷியன் ஏணி. கொடிக்கம்பம். கேன்டீனில் ஸ்டூல் மேல் ஏறி ஒட்டடை அடிக்கும் அக்கா. "யோவ், ஏணிய வுடுய்யா, கூச்சமா கீது" என்று எலக்ட்ரீஷியன் கெஞ்சுவான். எல்லாருக்கும் இது சிரிப்பு. நானும் சிரித்தவன்தான்.

ஒரு ஃபேமிலி டேக்கு, பிளாஸ்டிக் மலை ஒன்றைக் கொண்டுவந்து புல்வெளியில் நிறுத்தினார்கள். மஞ்சளும் நீலமுமாகக் குமிழ்கள் வைத்த பெரிய சுவர். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏற வேண்டும். கீழே ஈவென்ட் கம்பெனி ஆள் கயிற்றைப் பிடித்துக்கொள்வான். அவர் வந்து அந்த மலையை விரலால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. அங்கேயே நின்றார். எங்கள் மேனேஜரின் மனைவி பாதிச் சுவரில் இருந்தபோது, கயிறு பிடித்தவன் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவ்வளவுதான். இவர் போய் அவன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை திருப்பிக் கொடுக்கவில்லை. குழந்தைகளும் பெரியவர்களுமாக அறுபது எழுபது பேர் ஏறி இறங்கினார்கள்.

"நீங்க ஒரு தடவை ஏறிக் காட்டுங்களேன். மலைக்காரர்தானே?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"ஏறுறது சின்ன வேலை" என்றார்.

தாம்பரத்திலிருந்து வரும் கம்பெனி வேனில் நான் வருவேன். அவர் கீழ்க்கட்டளையிலிருந்து ஷேர் ஆட்டோவில் மேடவாக்கம் வந்து அதே வேனில் ஏறுவார். ஒருமுறை எங்கள் இரண்டு பேருக்கும் பல்லாவரம் பக்கம் ஒரு வேலை. கல்லுடைத்துக் கல்லுடைத்துப் பாதியாய் நிற்கும் குன்றைக் காட்டி, "உங்களுக்கு வேண்டிய ஆளு, பாருங்க" என்று கிண்டலாகச் சொன்னேன். பார்த்தார். "இது மலை இல்ல சார். மிச்சம்" என்றார்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது உள்ளங்கையில், சுண்டுவிரலடியிலிருந்து கட்டைவிரல் வரை, தடித்த தழும்பு ஒன்று குறுக்கே ஓடும். ஒருநாள் சாப்பிடும்போது பார்த்துவிட்டு, "கயிறு அறுத்ததா?" என்று கேட்டேன். "ஆமா சார்" என்றவர் கையை மூடிக்கொண்டார். மிச்சச் சோற்றை அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிட்டார். சாப்பிடும் கையைப் பற்றி நான் ஏன் கேட்டேன் என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

அவருக்குக் காய்ச்சல் கண்ட ஒரு மத்தியானம், என் வண்டியில் உட்காரவைத்துக் கீழ்க்கட்டளையில் கொண்டுபோய் விட்டேன். ஒரு வரிசை வீட்டில் கடைசிப் போர்ஷன். கதவைத் திறந்த அம்மாவுக்கு நாற்பது நாற்பத்தைந்து இருக்கும். இவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டார்; பாயை விரித்தார்; சொம்பில் தண்ணீர் வைத்தார். எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, "உக்காருங்க சார்" என்றார். இவரிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் வேனில், "என்ன, வீட்ல சண்டையா?" என்று கேட்டேன். கணவன் மனைவி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அது என்கூடப் பேசாது சார்" என்றார், வெயில் அடிக்கிறது என்பதுபோல.

இதெல்லாம் முன்கதை. நான் சொல்ல வந்தது தேன்கூட்டு விஷயம்.

அந்த வருடம் மாசி மாதத்தில், எட்டாவது மாடி ஜன்னல் விதானத்துக்கு அடியில் பெருந்தேனீ கூடு கட்டியது. கூடென்றால் கொஞ்சநஞ்சமல்ல, முறம் அகலம். இரண்டு பெண்களைக் கொட்டிவிட்டது. திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து கிளையன்ட் வருகிறார்கள். அதற்குள் மருந்தடித்துக் கொன்றுவிடு என்று மேலிடத்து உத்தரவு. நான் பெஸ்ட் கன்ட்ரோலுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"மருந்து வேணாம் சார். நான் இறங்கி எடுத்துடறேன். பூச்சி சாவாது. அதுவா போயிடும்."

எனக்கு ஆச்சரியம். கயிற்றில் இறங்கும் பேச்சையே அதுவரை அவர் எடுத்ததில்லை.

"எடுத்திருக்கீங்களா முன்ன?"

"சின்ன வயசுல. அப்புறம் மேலதான்." கயிறு பிடிக்கிற பக்கத்தைச் சொன்னார். "ஆனா ஒண்ணு சார். மேல ஒரு ஆள் வேணும்."

குமார் இருக்கிறானே என்றேன். தலையை ஆட்டினார். அப்போதுதான் அந்த வழக்கத்தைச் சொன்னார். மலையில் தேனுக்கு இறங்குகிறவனின் கயிற்றை, அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் மேலே இருந்து காக்க வேண்டும். இறங்குகிறவனின் சொந்த அண்ணன் தம்பி தொடக் கூடாது. அவனுக்கு நிலத்தின் மேல் ஆசை வரலாம், வேறு ஏதாவது ஆசை வரலாம். பெண்டாட்டியின் அண்ணனுக்கு அப்படி வராது. கயிறு அறுந்தால் தாலி அறுவது அவன் தங்கைக்கு. அப்புறம் ஆயுசுக்கும் அவளுக்குச் சோறு போட வேண்டியவன் அவன்தான்.

"அப்ப உங்க சம்சாரத்தோட அண்ணன் தம்பி யாரையாவது கூப்பிடுங்க" என்றேன்.

"நான் கல்யாணம் கட்டல சார்."

"வீட்ல இருக்கிறவங்க?"

"கூடப் பொறந்தது. தங்கச்சி."

"அவங்க வீட்டுக்காரர்?"

"இல்ல" என்றார். ஊரில் இல்லையா, உலகத்திலேயே இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவரே, "உங்களுக்குத் தங்கச்சி உண்டா சார்?" என்றார்.

"ஒருத்தி. குரோம்பேட்டையில இருக்கா."

"அப்ப நீங்க பிடிங்க."

சனிக்கிழமை. ஆபீஸில் ஆள் இல்லை. சாயங்காலம் நான்கு மணி. கயிற்றை இரும்பு வளையத்தில் கட்டி, அவர் இடுப்பில் குமாரின் பெல்ட்டை மாட்டிவிட்டோம். பச்சை வேப்பிலையைக் காய்ந்த சருகோடு சேர்த்துக் கட்டிப் பந்தம் செய்திருந்தார். குமார் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டி அறைக்குள் ஒதுங்கிவிட்டான். கூப்பிட்டால் வருவான்.

எனக்கு வேலையை ஒருமுறைதான் சொன்னார். கயிற்றின் மேல் கை இருக்கணும். கோணி நகர்ந்தால் சரி செய்யணும், இல்லாவிட்டால் சுவர் விளிம்பு கயிற்றைத் தின்னும். கீழேயிருந்து ஓர் இழுப்பு வந்தால் நலம் என்று அர்த்தம், பதிலுக்கு ஓர் இழுப்பு. மூன்று இழுப்பு வந்தால் பூச்சி திரும்பிவிட்டது, குமாரைக் கூப்பிட்டுத் தூக்கணும். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று பேசவே கூடாது.

"போனைக் கீழ வெச்சிட்டு வாங்க சார்."

"சைலன்ட்ல போட்டுட்டேன்" என்றேன்.

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைத் தாண்டி இறங்கிவிட்டார்.

முதலில் புகை வந்தது. பிறகு ஒரு சத்தம். பெரிய மோட்டார் ஒன்று தூரத்தில் ஓட ஆரம்பித்ததுபோல இருந்தது. தேனீக்கள் கூட்டமாக எழும்பி ஏரிப் பக்கம் சாய்ந்தன. கயிறு என் உள்ளங்கைக்குள் உயிரோடு இருந்தது. அவர் கால் மாற்றுவது, கை நீட்டுவது, எல்லாம் தெரிந்தது. ஓர் இழுப்பு வந்தது. பதிலுக்கு இழுத்தேன். எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

சட்டைப் பையில் போன் நடுங்கியது. விட்டுவிட்டேன். மறுபடி நடுங்கியது. எடுத்துப் பார்த்தால் மேனேஜர். திங்கட்கிழமை விவகாரம். மூன்றாவது முறை நடுங்கியபோது எடுக்காமல் இருக்க முடியவில்லை. பதினோரு வருடத்துப் பழக்கம் ஐயா அது, அந்தப் பெயர் திரையில் வந்தால் கை தானாகப் போகும்.

கயிற்றுக்குப் பக்கத்தில் பேசக் கூடாது என்றாரே. அதனால் தள்ளிப் போய்ப் பேசினேன்.

ஆமாம். அந்த ஒரு விதியை மீறக் கூடாது என்று, கயிற்றிலிருந்து கையை எடுத்து, எட்டு பத்து அடி நடந்து, ஏசி மிஷினுக்குப் பின்னால் போய், "இதோ முடிஞ்சிட்டிருக்கு சார், நான் பக்கத்துலயேதான் நிக்கிறேன் சார்" என்று சொன்னேன். இதைவிட முட்டாள்தனம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

திரும்பி வந்தபோது கோணி நகர்ந்து ஒரு பக்கமாகக் கிடந்தது. கயிறு வெறும் சுவர் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. நாலைந்து இழை பிரிந்து பூப்போல நின்றது. கோணியைத் தள்ளிச் சரி செய்தேன். கையைக் கயிற்றின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஓர் இழுப்பு வந்தது. பதிலுக்கு இழுத்தேன், ஒன்றுமே நடக்காததுபோல.

அரை மணி கழித்து தேனடையோடு வாளியை மேலே அனுப்பிவிட்டு அவரும் ஏறி வந்தார். இடது கண் மூடும் அளவுக்கு வீங்கியிருந்தது. உதட்டில், கழுத்தில், காதில் கொடுக்குகள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். பிறகு கயிற்றை இரண்டு விரல்களுக்கு நடுவில் விட்டு உருவிக்கொண்டே போனார். இழை பிரிந்த இடம் வந்ததும் விரல் நின்றது.

"எவ்ளோ நேரம் சார்?"

"எது?"

"மூணு இழுப்பு இழுத்தேன். ரெண்டு வாட்டி."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு நிமிஷம்தாங்க. போன் வந்துச்சு. கயித்துக்கிட்ட பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, அதான் தள்ளிப் போயி..." சொல்லும்போதே எனக்குக் காது கூசியது.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெடுநாள் கழித்துச் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார். "நானும் அவ்ளோதான் சார்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்தத் தங்கை ஞாபகம் வந்தாள். இல்லாத அந்த வீட்டுக்காரர் ஞாபகம் வந்தார். கயிறு யார் பிடிக்க வேண்டும் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. நான் அவர் வலது கையைப் பார்த்தேன்.

அவர் கையை விரித்துக் காட்டினார். "இது அப்புறம். அறுந்து மேல நின்னுச்சு பாருங்க மிச்சக் கயிறு, அதுல தேச்சுக்கிட்டது. ஊருக்குக் காட்டணும் இல்ல? கடைசி வரைக்கும் புடிச்சான்னு."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றார். அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீங்கிய உதடு அசைந்தது. அப்போது என் பையில் போன் நடுங்கியது. எடுத்தேன். பேசி முடித்துத் திரும்பியபோது அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவர் வேனில் ஏறவில்லை. செவ்வாயும் இல்லை. கிளையன்ட் வந்து போனார்கள், வளாகம் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டு வேறு. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கீழ்க்கட்டளைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே போனேன்.

அந்த அம்மா கதவைத் திறந்தார். உள்ளே ஆணியில் அவருடைய நார்க் கயிறு சுருளாகத் தொங்கியது.

"அண்ணன் இல்லீங்களே. ஞாயித்துக்கிழமை காலையில மலைக்குப் போயிடுச்சு."

"எப்ப வருவாரு?"

"கயிறு எடுத்துக்கிட்டுப் போகலீங்க" என்றார். அந்தக் கேள்விக்கு அதுதான் பதில் என்பதுபோலச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. குமார் தெரிந்தவர்களை எல்லாம் விசாரித்தான். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. இரண்டு மாதத்தில் அந்த அம்மாவும் வீட்டைக் காலி செய்துவிட்டார். ஆனால் அந்தப் புதன்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. மோர் கொடுத்தார், குடித்தேன். எனக்கெதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"மூஞ்செல்லாம் வீங்கி வந்துச்சு. வந்து என் எதுக்கால உக்காந்துச்சு. சொல்லிடும்னு நெனச்சேன். விடியற வரைக்கும் உக்காந்திருந்துட்டு எழுந்து போயிடுச்சு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்ககிட்ட சொல்லிச்சா சார்?"

"எதைம்மா?"

"எனக்குத் தெரியும் சார். நான் கீழ ஓடையில நின்னுக்கிட்டிருந்தேன், கூடையோட. மேல கயிறு காக்கற ஆளோட தல கீழேயிருந்து பாத்தா தெரியணும். அன்னிக்கு மேல தல இல்ல. வெறும் வானம்தான் இருந்துச்சு. அப்புறம்தான் எங்க வூட்டுக்காரரு விழுந்தாரு. அண்ணன் கையில ரத்தத்தோட இறங்கி வந்துச்சு. ஊரே அந்தக் கையப் பாத்துச்சு. நான் பாக்கல."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பதினெட்டு வருசம் சார். அதுவா ஒரு வார்த்த சொல்லட்டும், அப்புறம் பேசுவோம்னு இருந்தேன். தினம் சோறு போட்டுட்டு எதுக்கால உக்காந்து பாப்பேன். சொல்லாது. சாப்பிட்டுட்டு எழுந்துடும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்ககிட்ட சொல்லிடுச்சுல்ல?"

நான் தலையாட்டினேன்.

"கைய எடுத்ததச் சொல்லிச்சா?"

"சொன்னாரும்மா."

சற்று முன்னே நகர்ந்து வந்தார். குரல் இறங்கிவிட்டது. "எதுக்கு எடுத்துச்சாம்? தண்ணி தாகமா? எவனாவது கூப்பிட்டானா? பாம்பு கீம்பு வந்துச்சா? அது ஒண்ணுதான் சார் எனக்குத் தெரியணும். எதுக்காம்?"

"சொல்லலைம்மா."

"நீங்க கேக்கலியா?"

"கேக்கல."

"எதுக்கால உக்காந்து சொல்லியிருக்கு. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருக்குமே சார். ஏன் கேக்கல?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியில் அந்தக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"போன் வந்துச்சும்மா" என்றேன்.